லாக்கில் இருக்கிறது, தேடினால் வரவில்லை

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் காலை பத்தேகாலுக்குப் பணம் கட்டிய ஒருவருக்கு ஆர்டர் பதிவாகவில்லை. பணம் மட்டும் போய்விட்டது. சர்வர் நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும் லாக்கை நான் திறந்து 10:00 முதல் 10:30 வரை சல்லடை போட்டுத் தேடிவிட்டு, "அப்படி ஒரு ரிக்வெஸ்ட்டே நம்ம சர்வருக்கு வரலை" என்று சப்போர்ட்டில் இருந்தவரிடம் அடித்துச் சொன்னேன். அவரும் அதை நம்பி, பேங்க்கைக் கேட்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார். ரிக்வெஸ்ட் வந்துதான் இருந்தது. லாக்கில் அது 04:45 என்ற நேரத்தோடு உட்கார்ந்திருந்தது. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தேடல் வெறுங்கையோடு திரும்பினால் முதலில் தேடலைத்தான் சந்தேகப்படுகிறேன். கீழே இருப்பவை அப்படிச் சந்தேகப்பட்டுச் சேர்ந்தவை. அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். லினக்ஸ் சர்வர், வரிகளைத் தேடித் தரும் கிரெப், ஆப்பைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர், அந்தப் பெட்டிகளை மேய்க்கும் குபர்நெட்டீஸ், வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்று பெரும்பாலானவர்கள் கையில் புழங்கும் சாமான்கள்தான். ஆப்ஷன்களில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமென்றால் அதையும் சொல்லியிருக்கிறேன்.

## அறிகுறி: தேடினால் ஒரு வரிகூட வரவில்லை

முதல் வேலை, இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடுவது. நானே சர்வரில் இல்லாத ஒரு முகவரிக்கு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புவேன். வழக்கமாக முருங்கைக்காய் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் நாலு இலக்க எண் ஒன்றைச் சேர்ப்பேன். வேறு யாரும் அந்த முகவரியைக் கேட்க வாய்ப்பில்லை. 404 என்று பதில் வரும். இப்போது லாக்கில் முருங்கைக்காயைத் தேடுகிறேன். கிடைத்தால் எந்த ஃபைலில், எந்த மெஷினில், எந்த நேரக் கணக்கில் விழுகிறது என்ற மூன்றும் ஒரே வரியில் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் நான் தவறான இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். உண்மையான பிழையை அங்கே தேடிப் பயனில்லை.

முருங்கைக்காய் கிடைத்து, தேடுவது மட்டும் கிடைக்கவில்லையா? நேரம் சரிதானா என்று பாருங்கள். ஒரே சேவையின் மூன்று லாக்குகள் மூன்று விதமாக நேரம் எழுதுவது சாதாரணம். ஆப் யூடிசியில் எழுதும். லினக்ஸ் சிஸ்டத்தின் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல், சர்வரின் உள்ளூர் நேரத்தில் காட்டும். லாக்கைப் பிரவுசரில் தேட உதவும் கிபானா உங்கள் பிரவுசரின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். வரியில் நேரத்துக்குப் பின்னால் "+05:30" அல்லது "+00:00" என்று ஒட்டியிருந்தால் கும்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் எழுதியவர் என்ன நினைத்தார் என்று ஊகிக்காமல் முருங்கைக்காயை வைத்து அளந்துவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் தேடும் ஃபைல் நேற்றைய ஃபைலா இன்றையதா? லாக் பெருக்காமல் ஃபைலை மாற்றி வைக்கும் லாக்ரொட்டேட், நள்ளிரவையொட்டிப் பழைய ஃபைலின் பெயரில் .1 சேர்த்து நகர்த்தியிருக்கும். அதற்கும் முந்தையவை ஜிஜிப்பில் சுருங்கியிருக்கும். சாதாரண கிரெப் சுருங்கிய ஃபைலுக்குள் எழுத்தைப் பார்க்காது. இசட்கிரெப் பார்க்கும், சுருங்காத ஃபைலையும் சேர்த்தே பார்க்கும். அதனால் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அதனிடமே கொடுத்துவிடலாம்.

தேடும் சொல்லிலும் வம்பு உண்டு. கிரெப்புக்குப் புள்ளி என்றால் "ஏதோ ஓர் எழுத்து". 10.0.0.1 என்று தேடினால் 10.0.0.17 வரும், 10.0.0.123 வரும், 1050.0.1 போன்ற எண் எங்காவது இருந்தால் அதுவும் வரும். சதுர அடைப்புக்குறியைத் தேடினால் நிலைமை தலைகீழ்: அடைப்புக்குள் இருப்பதில் ஏதாவது ஓர் எழுத்து என்று அதற்கு அர்த்தமாகி, என்னவோ வந்து நிற்கும். பெரிய எஃப் ஆப்ஷனைப் போட்டால் கொடுத்ததை அப்படியே எழுத்துக்கு எழுத்து தேடும். நான் பெரிய எஃப்பை இயல்பாகவே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் எடுத்துவிடுகிறேன். பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டை மறக்கச் சின்ன ஐ. ஜர்னல்சிடிஎல்லில் தேடும் ஆப்ஷனான சின்ன ஜிக்குத் தனிக் குணம்: முழுவதும் சின்ன எழுத்தில் கொடுத்தால் வேறுபாடு பார்க்காது, ஒரே ஒரு பெரிய எழுத்து கலந்துவிட்டாலும் கறாராகிவிடும்.

இன்னொன்று, மெஷின். ரிக்வெஸ்ட்டுகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்ஸருக்குப் பின்னால் நாலு மெஷின் இருந்து, நீங்கள் ஒன்றில் மட்டும் நுழைந்து தேடினால், கிடைக்க நாலில் ஒரு வாய்ப்புத்தான்.

## அறிகுறி: தமிழ்ப் பெயரைத் தேடினால் மட்டும் வரவில்லை

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. வாடிக்கையாளர் பெயர் கோபால். ஃபைலைத் திறந்து கண்ணால் பார்த்தால் இருக்கிறது. கிரெப் இல்லை என்கிறது.

முதல் காரணம், யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். உள்ளே பைட்டுகள் வேறு. கிரெப் பைட்டைத்தான் பார்க்கும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே கதை. சில கீபோர்டுகளும், பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டுவதும் இந்தப் பிரிந்த வடிவத்தைக் கொண்டுவந்துவிடும்.

அவசரத்துக்கு வைத்தியம், சிக்கல் உள்ள எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தைத் தேடுவது. கோபால் கிடைக்காவிட்டால் "பால்" என்று தேடுங்கள். மளிகை ஆப்பாக இருந்தால் ஆவின் பாக்கெட்டுகளும் கூடவே வந்து விழும். பரவாயில்லை, கண்ணால் பிரித்துக்கொள்ளலாம். நிரந்தர வைத்தியம், பெயரை வாங்கும் இடத்திலேயே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் சேமிப்பது.

இரண்டாவது காரணம், தரவை எழுத்தாக எழுதும் வடிவமான ஜேசான். பைத்தானின் ஜேசான் மாட்யூல் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஆங்கிலம் அல்லாத ஒவ்வோர் எழுத்தையும் பின்சாய்கோடு, யு, நான்கு பதினாறடிமான இலக்கங்கள் என்று ஆறு எழுத்தாக்கி எழுதும். அந்த லாக்கில் தமிழே இருக்காது, தேடினால் எப்படி வரும்? லாக்கை, ஜேசானைப் படிக்கும் ஜேக்யூ வழியாக ஓடவிட்டால் அது திரும்பத் தமிழாக்கிக் கொடுக்கும்; அதற்குப் பின்னால் கிரெப்பை வையுங்கள். யூஆர்எல்லுக்குள் வந்த தமிழ் இன்னும் மோசம். ஒரு குறிக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறி ஒன்பது எழுத்தாக நீண்டிருக்கும்.

## அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த டெயில் திடீரென்று மௌனமாகிவிட்டது

ஃபைலின் கடைசி வரிகளை வர வரக் காட்டும் டெயிலைச் சின்ன எஃப் போட்டு ஓடவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். காலையில் வந்து பார்த்தால் நள்ளிரவோடு நின்றிருக்கிறது. சேவை நன்றாகத்தான் ஓடுகிறது. சின்ன எஃப் திறந்த ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும்; லாக்ரொட்டேட் அதை வேறு பெயருக்கு நகர்த்தினாலும் அதன் பின்னாலேயே போய்விடும். பெரிய எஃப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். அதே பெயரில் புது ஃபைல் வந்ததும் அதற்குத் தாவும். லாக்கைப் பார்க்கப் பெரிய எஃப்தான் வேண்டும்.

டெயிலுக்குப் பின்னால் கிரெப், அதற்குப் பின்னால் இன்னொரு கிரெப் என்று கோத்திருந்தால் மௌனத்துக்கு வேறு காரணம் இருக்கும். முதல் கிரெப் தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் வரிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்; சில கிலோபைட் சேர்ந்த பிறகு மொத்தமாகத் தள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு எரர் வரும் இடத்தில் மதியம் வரை ஒன்றும் தெரியாது. லைன்-பஃபர்ட் என்ற நீளமான ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது. நடுவில் உள்ள கிரெப்புக்கு அதைக் கொடுங்கள்.

பைத்தான் ஆப்பை டாக்கரில் ஓட்டினால் இதே நோய் உள்ளேயே தொடங்கிவிடும். பிரிண்ட் போட்ட வரிகள் பஃபரில் தேங்கும். லாகிங் மாட்யூல் எழுதுபவை உடனே வரும். விளைவு, நடந்த வரிசை மாறிப்போய், பின்னால் நடந்தது முன்னால் தெரியும். அந்த லாக்கை வைத்துக் கதை கட்டினால் கதை தப்பாகத்தான் இருக்கும். பைத்தானைச் சின்ன யு ஆப்ஷனோடு தொடங்கினால் போதும்.

## அறிகுறி: "பைனரி ஃபைல் பொருந்துகிறது" என்று மட்டும் வருகிறது

பெரும்பாலும் லாக்குக்குள் வெற்று பைட்டுகள் புகுந்திருக்கும். சின்ன ஏ ஆப்ஷன் போட்டால் கிரெப் அதை எழுத்து ஃபைலாகவே எடுத்துக்கொண்டு வரிகளைக் காட்டும். எப்படிப் புகுந்தது என்று கேட்டால், லாக்ரொட்டேட் அமைப்பில் காப்பிடிரன்கேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஃபைலை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கும். ஆப் அந்த ஃபைலை, கடைசியில் மட்டும் சேர்க்கும் அப்பெண்ட் முறையில் திறக்காமல் இருந்தால், தான் விட்ட இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். முன்னால் உள்ள பள்ளம் முழுக்க வெற்று பைட்டாக நிற்கும்.

## அறிகுறி: கிரெப் போட்டும் எல்லா வரியும் கொட்டுகிறது

டாக்கர் லாக்ஸ் கமாண்டுக்குப் பின்னால் பைப் போட்டுக் கிரெப் வைத்தீர்கள். வடிகட்டாததுபோல் எல்லாம் வருகிறது. கன்டெய்னர் பிழைகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரரில் எழுதியதை டாக்கர் உங்களுக்கும் ஸ்டாண்டர்ட் எரரிலேயே தருகிறது. பைப் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும்தான் கடத்தும். பைப்புக்கு முன்னால் 2>&1 என்று சேர்த்துவிடுங்கள். இதில் ஆபத்தான பக்கம் ஒன்றும் இருக்கிறது. கிரெப்புக்குப் பதிலாக வரிகளை எண்ணும் கமாண்டை வைத்தால், எரர் எல்லாம் திரையில் ஓட, எண்ணிக்கை 0 என்று வந்து நிற்கும். அந்தப் பூஜ்யத்தை யாராவது ரிப்போர்ட்டில் போட்டுவிடுவார்கள்.

## அறிகுறி: வரிகள் ஆயிரக்கணக்கில், எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஸ்க்ரோல் செய்யாதீர்கள், எண்ணுங்கள். எரர் வரிகளை மட்டும் எடுத்து, நேரத்தை வெட்டிவிட்டு, எல்லா எண்களையும் செட் கமாண்டால் # குறியாக மாற்றிவிடுங்கள். அப்புறம் வரிசைப்படுத்தச் சார்ட், ஒரே மாதிரி வரிகளை எண்ண யூனிக் சின்ன சி, மறுபடி எண்ணிக்கைப்படி சார்ட். யூனிக்குக்கு அடுத்தடுத்து இருக்கும் வரிகள்தான் தெரியும், எனவே முதல் சார்ட்டை விட்டுவிடக் கூடாது. ஆர்டர் எண் மாறுவதால் தனித்தனியாக நின்ற வரிகள் இப்போது ஒன்றாகிவிடும். கடைசியில் இப்படி ஒன்று கையில் நிற்கும்:

8412 ரெடிஸ் டைம்அவுட், முயற்சி #
611 ஆர்டர் # சேமிக்க முடியவில்லை
3 கனெக்‌ஷன் பூல் காலி, காத்திருப்பவை #

கண் 8412க்குத்தான் போகும். நான் 3ஐத்தான் முதலில் பிடிப்பேன். அந்த மூன்று வரிகளின் நேரத்தைப் பாருங்கள். டைம்அவுட் மழைக்கு ஒரு நிமிடம் முன்னால் அவை வந்திருந்தால் வழி அங்கிருந்து போகிறது. சத்தம் போடுவது பெரும்பாலும் அடிபட்டவன். அடித்தவன் ஒன்றிரண்டு வரியோடு ஒதுங்கியிருப்பான். எனவே ஒவ்வொரு வகையிலும் முதல் வரி எப்போது வந்தது என்று எடுத்து, அந்த நேரப்படி அடுக்குங்கள். லோக்கியில் சேர்த்த லாக்கைக் கிராஃபனா திரையில் பார்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வழக்கமாக அது புதியதிலிருந்து பின்னோக்கி 1000 வரிகளோடு நிறுத்திவிடும். திரையின் அடியில் தெரியும் வரி பிரச்சினையின் தொடக்கமாக இருக்காது. நேர வரம்பைச் சுருக்கிக்கொண்டே பின்னால் போங்கள்.

கிரெப்பில் சின்ன வி போட்டு வேண்டாத வரிகளைக் கழிப்பது நல்ல வழிதான். ஆப் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கும் ஹெல்த் செக் வரிகளைத் தூக்கிவிட்டாலே பாதி சுமை குறையும். ஆனால் கழிக்கும் சொல் நீளமாக இருக்கட்டும். "ஹெல்த்" என்று மட்டும் கொடுத்துக் கழித்தால், ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஆர்டர்களும் சேர்ந்து காணாமல் போகும்.

பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஜாவா ஸ்டாக் டிரேஸில் மேலே உள்ள வரி போர்வை. காரணம் அடியில், "காஸ்ட் பை" என்று தொடங்கும் கடைசி வரியில் இருக்கும். கிரெப் வரிக்கு வரி பார்ப்பதால் எரர் வரி மட்டும் வந்து காரணம் விடுபடும். பெரிய ஏ ஆப்ஷனுக்கு 60 என்று கொடுத்தால் கீழே அறுபது வரியையும் சேர்த்துக் காட்டும். சில நேரம் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் (நல் என்றால் வெறுமை; இல்லாத ஒன்றைத் தொட்டதால் வரும் பிழை) என்று ஒற்றை வரி மட்டும் இருக்கும், டிரேஸே இருக்காது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில் ஒரே எக்ஸெப்ஷன் மறுபடி மறுபடி எழுந்தால், வேகத்துக்காக, ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் டிரேஸை எழுதுவதை நிறுத்திவிடும். பழைய லாக்குக்குப் போய் முதல் முறை வந்ததைத் தேடுங்கள். முழு டிரேஸ் அங்கே இருக்கும். ஆமிட்ஸ்டாக்டிரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ என்ற அமைப்பை அணைத்தால் இனிமேல் எப்போதும் முழுசாக வரும்.

## அறிகுறி: ஆப் செத்துவிட்டது, கடைசி வரி சாதாரணமாக இருக்கிறது

"ஆர்டர் 88213 பெறப்பட்டது" என்று ஒரு வரி, அடுத்தது ஆப் மறுபடி தொடங்கிய வரி. நடுவில் ஒரு முனகல்கூட இல்லை. நினைவகம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னல் கொன்றிருந்தால் இப்படித்தான் இருக்கும். உடனே கொல்லும் சிக்னலான சிக்கில் வந்த ப்ராசஸுக்குக் கடைசி வார்த்தை பேச நேரம் கிடைக்காது. எக்ஸிட் கோட் 137 என்றால் 128உடன் சிக்கில்லின் எண் 9 சேர்ந்தது. ஆப் லாக்கை விட்டுவிட்டுக் கர்னல் லாக்கைப் பாருங்கள்; ஜர்னல்சிடிஎல்லில் சின்ன கே. எந்த ப்ராசஸைக் கொன்றோம், அது எவ்வளவு நினைவகம் வைத்திருந்தது என்று கர்னல் எழுதி வைத்திருக்கும்.

குபர்நெட்டீஸில் லாக்ஸ் கேட்டால் இப்போது ஓடும் கன்டெய்னரின் லாக்தான் வரும். செத்ததன் லாக் வேண்டுமென்றால் ப்ரீவியஸ் ஆப்ஷன். அதுவும் கடைசியாகச் செத்த ஒன்றுக்கு மட்டும். கன்டெய்னர்களை வைத்திருக்கும் பாட் முழுவதும் நீக்கப்பட்டிருந்தால் அதுவும் கிடையாது. லேபிள் கொடுத்துப் பல பாட்களின் லாக்கை ஒன்றாகக் கேட்டால் பாட் ஒன்றுக்குக் கடைசி 10 வரிகள் மட்டுமே வரும். டெயில் ஆப்ஷனுக்கு -1 கொடுத்தால் மிச்சமும் வரும்.

## அறிகுறி: 502, 504, 499

என்ஜின்எக்ஸ் ஆக்ஸஸ் லாக்கில் வரி விழுவது ரிக்வெஸ்ட் முடியும்போது. இதை மறந்தால் ஆப் லாக்கோடு நேரம் பொருந்தாது. 504 என்றால் ஆப் நேரத்துக்குள் பதில் தரவில்லை. அந்த வரி 10:16:00க்கு இருந்து, பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பான ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் இயல்பான 60 நொடியாக இருந்தால், ஆப் லாக்கில் 10:15:00ஐச் சுற்றிப் பாருங்கள். 502 என்றால் ஆப்பிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை; எரர் லாக்கில் எண்ணைப் பாருங்கள். 111 இருந்தால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆப் பாதியில் இணைப்பை அறுத்ததாக இருந்தால் முந்தைய அறிகுறிக்குப் போங்கள். 499 என்பது வாடிக்கையாளர் காத்திருந்து அலுத்துப் போய்விட்டதற்கு என்ஜின்எக்ஸ் தானே வைத்துக்கொண்ட எண்; அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது ரிக்வெஸ்ட் டைமில் தெரியும். ரிக்வெஸ்ட் டைம், ஆப் பதில் தர எடுத்த அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் இரண்டும் இயல்பான லாக் வடிவத்தில் கிடையாது, நீங்களே சேர்க்க வேண்டும். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் உங்கள் ஆப்பைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் வாடிக்கையாளரின் சிக்னல் மோசமாக இருக்கும்.

## அறிகுறி: கிபானாவில் ஒரு ஐடியைத் தேடினால் சம்பந்தமில்லாதவை வருகின்றன

யூயூஐடி என்ற நீளமான ஐடியை மேற்கோள் குறியில்லாமல் கொடுத்திருப்பீர்கள். சொல் சொல்லாக உடைத்து வைக்கும் டெக்ஸ்ட் ஃபீல்டில், கிபானாவுக்குப் பின்னால் இருக்கும் எலாஸ்டிக்சர்ச் அதை ஹைஃபனில் உடைத்து ஐந்து துண்டாக்கி, ஏதாவது ஒரு துண்டு பொருந்தினாலும் கொண்டுவந்து கொட்டும். மேற்கோளுக்குள் போடுங்கள். இதற்கு நேர்மாறாக, உடைக்காமல் முழுசாக வைக்கும் கீவேர்ட் ஃபீல்டில் நீளமான யூஆர்எல்லைத் தேடினால் ஒன்றும் வராமல் போகலாம். தானாக உருவான மேப்பிங்கில் 256 எழுத்தைத் தாண்டியவை கீவேர்டில் இன்டெக்ஸ் ஆவதில்லை. ஆவணம் இருக்கும், தேடலுக்குச் சிக்காது.

## அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, வரி உண்மையிலேயே இல்லை

ஜர்னல்சிடிஎல் காட்டும் லாக்கை எழுதும் ஜர்னல்டி மட்டுப்படுத்தியிருக்கலாம். இயல்பாக ஒரு சேவை 30 நொடியில் 10,000 செய்திகளைத் தாண்டினால் மிச்சத்தை விட்டுவிடும்; டிஸ்கில் இடம் நிறைய இருந்தால் இந்த அளவு கூடும். எத்தனை விட்டது என்று "சப்ரஸ்ட்" என்ற சொல்லோடு ஒரு வரி எழுதும், அதைத் தேடுங்கள். சர்வர் ரீபூட் ஆகியிருந்தால் /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டோரேஜ் அமைப்பு ஆட்டோவாக இருந்து அந்த டைரக்டரி இல்லாவிட்டால் ஜர்னல் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், ரீபூட்டோடு போய்விடும்.

இரண்டும் இல்லையென்றால் ஆப்பின் ப்ரோக்ராம் கோடைத் திறக்க வேண்டியதுதான். அந்தப் பத்தேகால் ஆர்டரும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. 04:45இல் ரிக்வெஸ்ட் வரி கிடைத்தது. அதே நொடியில் அடுத்த வரி: "ஆர்டர் பதிவு தோல்வி: நல்". கோலனுக்குப் பின்னால் காரணம் இருக்க வேண்டிய இடத்தில் நல். பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கில் எக்ஸெப்ஷனின் மெசேஜை மட்டும் எழுதியிருந்தோம். பழைய ஜாவாவில் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷனுக்கு மெசேஜே கிடையாது. மெசேஜை எடுத்துவிட்டு எக்ஸெப்ஷனை முழுசாக லாகருக்குக் கொடுத்து, அன்று சாயங்காலம் புது பில்டை ஏற்றினோம். நேரத்தோடு "+05:30" சேரும்படி லாக் வடிவத்தையும் மாற்றிவிட்டோம். இரண்டு நாள் கழித்து இன்னொருவருக்கு அதே தோல்வி வந்தபோது டிரேஸ் இருந்தது: முகவரியில் பின்கோடு காலி. சப்போர்ட்டுக்கு நானே போன் செய்து, முதலாமவர் பேங்க்குக்கு அலைய வேண்டாம், பணம் நம்மிடம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதற்குள் இரண்டு முறை போய் வந்திருந்தார்.